பின் சந்தில் ஜினியா

மொட்டை மாடியில் செய்தித்தாளை விரித்து, காய்ந்த ஜினியாப் பூக்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் செயலாளர் அம்மா. தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஒவ்வொரு பூவாக எடுத்து, சருகான இதழை உருவி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் விதையை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் டப்பாவுக்கு. சப்பையாக இருந்தால் காலடியில் கிடந்த குப்பைப் பைக்கு.

வெள்ளை இதழில் சிவப்புப் புள்ளி தெறித்த ஜினியா அது. அந்த வட்டாரத்தில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. இருக்கவும் அவர் விடமாட்டார். யாராவது விதை கேட்டால், "இந்தத் தடவை சரியாவே பிடிக்கலைம்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவார். டப்பா நிறைந்த பிறகு மிஞ்சுகிற நல்ல விதையையும் குப்பைப் பைக்குள்தான் கொட்டுவார். அது வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாதே!

அன்றைக்கும் அப்படித்தான் கொட்டினார். அந்தப் பையில் ஏற்கெனவே மீன் செதிலும், முட்டை ஓடும், பேரனுக்குக் கழற்றிய டயப்பரும் இருந்தன. பையின் வாயை முடிச்சுப் போட்டு, எழுந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பின்சுவருக்கு மேலே வீசினார். கீழே சந்தில் பொத்தென்று விழுந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு விதை டப்பாவை மூடினார்.

குப்பை வண்டி காலையில் வாசலுக்கே வருகிறது. ஆனால் அதுவரை பையை வீட்டுக்குள் வைத்திருந்தால் நாறுமாம்.

வீசுவது அவர் ஒருவர் மட்டுமா? தெருவில் பாதிப் பேருக்கு அதே பழக்கம். தரையில் முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைக்கிற வீடுகள்தான் எல்லாம். அந்தச் சந்தைப் பார்த்தால் தொண்டையில் சோறு இறங்காது. கிழிந்த பைகளிலிருந்து கொழகொழவென்று ஏதோ வழியும். அதில் புழு நெளியும். நாய் இழுத்துப் போட்டதை எல்லாம் மழை ஊறவைத்து வைத்திருக்கும். இவ்வளவு படித்த, இவ்வளவு குளிக்கிற மனிதர்கள் செய்த வேலை இது என்று நினைக்கும்போது, புழுவைவிட அவர்கள்மேல்தான் அருவருப்பு வருகிறது.

சந்தை ஒட்டி இருந்தது ஒரே ஒரு வாடகை வீடு. ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள். குப்பைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தானே குப்பை போட்டிருக்க வேண்டும்? அதுவும் சொந்த வீடு இல்லாதவர்கள். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே குரலில் முடிவு செய்துவிட்டார்கள். வீட்டு ஓனருக்குப் போன் போட்டது செயலாளர் அம்மாவேதான். "சுத்தம்னா என்னன்னே தெரியாத ஜனங்க சார். காலி பண்ணச் சொல்லுங்க."

ஓனர் இரண்டு மாதம் கெடு வைத்தார். டிரைவர் பஸ் ஓட்டிய நேரம் போக, வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தார். கைக்கு அடங்குகிற வாடகையில் எதுவும் அமையவில்லை.

கெடு முடிகிற அன்று காலையில், துணி காயப்போட மாடிக்கு வந்த செயலாளர் அம்மா தற்செயலாகச் சந்தை எட்டிப் பார்த்தார். குப்பை மேட்டின் நட்ட நடுவில், வெள்ளையும் சிவப்புப் புள்ளியுமாக, ஜினியாக்கள் தளதளவென்று பூத்து நின்றன.

யாராவது பார்ப்பதற்குள் பிடுங்கியாக வேண்டும். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினார். மேட்டில் கால் வைத்ததும் செருப்போடு சொதசொதவென்று உள்ளே போனது. ஈக்கள் முகத்தில் மொய்த்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு செடியை இழுத்தார். வேரில் சிக்கியிருந்த டயப்பர் ஒன்றும் கூடவே வந்து, கிழிந்து, முழங்கைவரை வழிந்தது. அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா அடியில பிடிச்சு இழுங்க மேடம். பாதியில ஒடிஞ்சா மறுபடி துளிர்த்திடும்."

டிரைவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"இல்ல... சும்மா, பூ நல்லா இருக்கேன்னு..."

"நல்லா இல்லாம இருக்குமா? துணி அலசின தண்ணிய தினம் நான்தானே ஊத்தறேன்."

"நீ எதுக்கு ஊத்தின?"

"வெளியில துணி அலசறப்போ உங்க பை மாடியிலேருந்து விழறத தினம் பாக்கறேன். ஆனா நான் சொன்னா யார் நம்புவா? இந்தச் செடி முளைச்சுது. உங்க வீட்டுச் செடின்னா பூக்கட்டும், ஊரே பாக்கட்டும்னு ஊத்தினேன்." குழந்தையின் உதட்டில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். "இங்க வந்ததுலேருந்து பின் ஜன்னல திறந்ததே இல்ல மேடம். இவனுக்கு வயித்துப்போக்கு நிக்கவே மாட்டேங்குது. அது போதாதுன்னு இப்போ வீட்டையும் காலி பண்ணச் சொல்றீங்க. பிடுங்குங்க. பிடுங்கிட்டா யாருக்கும் தெரியாது."

அந்த நேரம் பார்த்து ஓனரின் ஸ்கூட்டர் சந்து முனையில் வந்து நின்றது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர், குப்பைக்குள் நிற்கிறவரைப் பார்த்து அசந்துபோனார்.

"அடடா, மேடம்! நீங்களே இறங்கிச் சுத்தம் பண்றீங்களா? இவங்க போட்ட அசிங்கத்த நீங்க அள்ளணும்னு என்ன தலையெழுத்து? உங்களுக்குப் பெரிய மனசு மேடம்!" டிரைவர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? உனக்கு வெக்கமா இல்ல? சாவியக் குடு."

செயலாளர் அம்மா சும்மா தலையாட்டியிருந்தால் போதும், மானம் தப்பித்திருக்கும். தெருவே தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். ஆனால் அந்தப் பாராட்டு காதில் விழுந்தபோது, முழங்கையில் வழிந்ததைவிட அதுதான் அவருக்கு அதிகமாகக் குமட்டியது. தன்னைப் பார்த்தே அருவருத்துப்போனார்.

"சாவிய வாங்காதீங்க சார். இது நான் போட்ட குப்பை."

ஓனர் சிரித்தார். "விளையாடாதீங்க மேடம்."

"இந்தப் பூ என் வீட்டத் தவிர வேற எங்க சார் இருக்கு? நான் டப்பாவுல எடுத்து வெச்சது போக வீசின விதைதான். இந்த டயப்பரும் என் பேரனோடதுதான். தெருவுல பாதி வீட்டுக் குப்பை இங்க கிடக்கு. இவங்க வீட்டுது மட்டும்தான் இல்ல. நானே சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். இவங்க எங்கயும் போக வேண்டாம்."

சாவிக்கு நீட்டிய கையை ஓனர் மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். செயலாளர் அம்மா டிரைவர் மனைவியைப் பார்த்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

அவள் ஒன்றும் உருகிப்போய்விடவில்லை. "இன்னிக்கு உண்மையச் சொல்லிட்டீங்க, சரி. நாளைக்குக் காலைல உங்க பை எங்க போகும்?"

"வண்டியில போடறேன். வண்டி வர்ற வரைக்கும் என் வீட்டுக்குள்ளயே இருக்கும்."

"நாறுமே மேடம்?"

"நாறட்டும்."

"இத அன்னிக்கே செஞ்சிருக்கலாம். நல்ல விதையப் பொறுக்கி டப்பாவுல வெச்சுக்கிட்டு, அசிங்கத்த அடுத்தவங்க ஜன்னல் பக்கம் வீசிட்டா, அதுக்குப் பேரு சுத்தம் இல்ல மேடம். அவங்கவங்க வீட்டு நாத்தத்த அவங்கவங்க மூக்குதான் தாங்கணும். அடுத்தவங்க குழந்தை தாங்கக் கூடாது."