அளவு சரியில்லை

விமானத்திலிருந்து குதிக்க வருகிறவர்களுக்கு ஹார்னஸ் மாட்டிவிடுவது அக்காவின் வேலை. தோள், மார்பு, தொடை என்று மூன்று இடத்தில் இறுக்கும் பட்டைகள். முதுகுப்பக்கம் நான்கு கொக்கிகள். அந்தக் கொக்கிகளில்தான் ஆளைப் பயிற்சியாளரின் மார்போடு பிணைப்பார்கள். பதினோரு வருடமாகப் பட்டைகளை இழுத்து இழுத்து அவளுடைய வலது கட்டைவிரல் ஓரம் காய்த்துப் போயிருந்தது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். அங்கே தலைமைப் பயிற்சியாளன். நாலாயிரம் தடவைக்கு மேல் வானத்திலிருந்து குதித்தவன், வீட்டில் பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறிக்கொள்வான்.

முதலாளிக்குக் கேப்டன் என்று பெயர். எந்தப் படையிலும் இருந்தவரல்ல. அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாததால் ஒட்டிக்கொண்ட பெயர். பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை என்றுதான் அவர் வெகுநாள் வைத்திருந்தார். பக்கத்து ஊர் மையம் வயதைக் குறைத்ததும் இவரும் குறைத்தார். பன்னிரண்டு முடிந்திருக்க வேண்டும், முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது, தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சிறுவர் அளவில் புது ஹார்னஸ் இரண்டும் வந்து சேர்ந்தன.

ஒரு பெண்ணை அவளுடைய அப்பா கூட்டி வந்தார், சரியாக அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளன்று. பிறப்புச் சான்றிதழ், படிவம், அதில் தாயின் கையெழுத்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அவரும் மனைவியும் பிரிந்து இரண்டு வருடமாகிறது என்று அவராகவே சொன்னார். மகள் ஒரு வருடமாக இந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னார். மகள் எடைக் கருவிமேல் ஏறி நின்றாள். முப்பத்தேழு காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெண்கள் அறைக்குள் தகப்பனுக்கு அனுமதி கிடையாது. சுவர் நெடுக அளவு வாரியாக ஹார்னஸ்கள் தொங்கும் சின்ன அறை அது. ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி, மூலையில் மின்விசிறி. தொடைப் பட்டையை இறுக்க அக்கா மண்டியிட்டபோது, அந்தப் பெண் தோள் பட்டையைத் தானே தளர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"எல்லாருக்கும் இருக்குமா?"

"முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும். ஆனா பயம் வேற, வேணாங்கிறது வேற. உனக்கு எது?"

அவள் கதவைப் பார்த்தாள். "வேணாம்" என்றாள்.

பிறகு மளமளவென்று கொட்டினாள். அவள் எதற்குப் பயந்தாலும் அது அம்மா ஊட்டிய பயம் என்பாராம் அப்பா. இன்றைக்குக் குதிக்காவிட்டால் இங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டுக் கிழிப்பார். அம்மாவோ, தடுத்தவள் என்ற பெயர் தனக்கு வேண்டாமென்று கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேரில் ஒருவர்கூடத் தன்னைக் கேட்கவில்லை என்றாள். கடைசியில் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். ஹார்னஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அளவு சரியில்லை. தோள்ல நிக்கல, நழுவுது. இன்னிக்கு ஏத்த முடியாது."

அப்பா அரைமணி நேரம் வாதாடிப் பார்த்தார். கேப்டனுக்கும் முகம் சுருங்கியது. ஆனால் மாட்டிவிடுகிறவள் முடியாது என்றால் முடியாதுதான். அந்த மையத்தில் முதலாளிக்கும் மேலே நின்ற ஒரே சட்டம் அது. மகள் தலை குனிந்தபடி காரில் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் கொழுந்தன் அந்த அறைக்குப் போய், சின்ன ஹார்னஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு வயதென்று விளம்பரம் போட்டு, பிறந்தநாளன்று குழந்தையைத் திருப்பி அனுப்பினார்கள் என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். இரண்டே நாளில் நான்கு குடும்பங்கள் முன்பதிவை ரத்து செய்தன. கேப்டன் அவருக்குப் போன் செய்து அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

அன்று காலையில் அக்கா கேப்டனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். பொய் சொன்னதையும் சொன்னாள், வாக்கு மீறுவதையும் சொன்னாள். அவர் தொப்பியை முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு கேட்டார். இப்போது போய் இதைச் சொன்னால் சாக்குப்போக்கு என்பார் அந்த மனுஷன். பெண்ணே அப்பா முன்னால் சொல்லட்டும் என்றார். தனியாகக் கேளுங்கள் என்று அக்கா கெஞ்சினாள். பெற்றவனுக்குத் தெரியாமல் பிள்ளையிடம் தனியாகப் பேசினால் அது இன்னொரு புகார் என்று அவர் முடித்துவிட்டார்.

கொழுந்தன்தான் மாட்டினான், முற்றத்தில், எல்லோரும் பார்க்க. ஹார்னஸ் தைத்து வைத்தாற்போல் அவள் உடம்பில் உட்கார்ந்தது. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு அக்காவையே பார்த்தார்.

கேப்டன் குனிந்து கேட்டார்: "பாப்பா, உனக்குக் குதிக்க வேணாம்னு போன வாரம் அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல அங்கிள்."

கொஞ்சம் பொறுத்து அவளாகவே சேர்த்துக்கொண்டாள்: "அவங்கதான் பயமா இருக்கா, பயமா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

குரலில் நடுக்கமே இல்லை. அக்காவுக்கு முதலில் வந்தது அந்தக் குழந்தைமேல் கோபம். அந்தக் கோபத்தை நினைத்து அவள் வெகுநாள் கூசினாள்.

கொழுந்தனின் மார்போடு பிணைந்து பெண் குதித்தாள். ஒன்றும் ஆகவில்லை. முக்கால் மணி நேரத்தில் பத்திரமாகப் புல்வெளியில் வந்து இறங்கினாள். காலரில் வாந்தி இருந்தது. அப்பா கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுதியதையெல்லாம் அன்றைக்கே அழித்தும்விட்டார்.

சாயங்காலம் வழக்கம்போல் கொழுந்தனின் காரில்தான் அக்கா வீடு திரும்பினாள். பாதி வழியில் அவன் ஆரம்பித்தான்.

"மேல, பிளேன் கதவுகிட்ட வச்சுக் கேட்டேன் அண்ணி. ரெடியான்னு. ரெடின்னா."

"உன் கையில மாட்டியிருக்கிற கேமரா ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடும்தானே."

"அவ அப்பா பாக்கப்போற வீடியோல வேற என்னப்பா சொல்லுவா?"

அவன் வண்டியை ஓரங்கட்டினான். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"கொழந்தைக்கு இஷ்டமில்லன்னு மொத நாளே என் காதுல போட்டிருந்தா, காத்து சரியில்லன்னு நானே ஏதாவது சொல்லி மேல போகாம நிறுத்தியிருப்பேன். நீங்க ஹார்னஸ் மேல பொய் சொல்லிட்டீங்க. நாளைக்கு நெஜமாவே ஒண்ணு சேரலன்னு நீங்க சொன்னா, கேப்டன் நம்புவாரா? நானே நம்புவேனா?"

காற்றின்மேல் சொல்லும் பொய் மட்டும் பொய்யில்லையா என்ற கேள்வி அவள் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பதினோரு வருடம் அவள் முடியாது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் எத்தனையோ பேர் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். இனி அது நடக்காது.

கேப்டன் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. படிவம் வாங்கும் மேசைக்கு மாற்றினார். மாட்டும் அறைக்கு வேறொரு பெண் வந்தாள். கெட்டிக்காரி, கை வேகம், கேள்வி கேட்கிற பழக்கம் இல்லாதவள்.

அந்த மாதக் கூட்டத்தில் அக்கா எழுந்து ஒன்று கேட்டாள். குதிக்க வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், பெற்றவர்கள் இல்லாமல், யாராவது இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிள்ளை வேண்டாமென்றால் காரணத்தை வெளியே சொல்லக் கூடாது. நல்ல யோசனை என்று கேப்டன் குறித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் புதுப் படிவம் அச்சாகி வந்தது. பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி: "நான் என் சொந்த விருப்பத்தில் குதிக்கிறேன்." பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்துக்குக் கட்டம். மேசையிலேயே, பெற்றவர்கள் தோளில் கை போட்டு நிற்கும்போதே, போட்டுவிடலாம்.

மழைக்காலம் தொடங்கி மையத்தை மூடும்வரை இருபத்து மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இருபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பல பேர் நிஜமான ஆசையோடுதான் வந்திருப்பார்கள். யார், யாரில்லை என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா, "போடுடா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள். அவன் போட்டான். அக்கா தேதியைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, அடுத்த படிவத்துக்குக் கையை நீட்டினாள்.