செருப்பு அழைத்தால் தாச்சியைத் தட்டவும்

1

இந்தக் கதை ஒரு பொய்க் கருவியிலிருந்து பிறந்தது. அந்தக் கருவியின் இயந்திரம் நான்தான்.

பக்கத்து வீட்டு றுக்கியா ஸ்மார்ட் கருவிகள் வடிவமைக்கிறவள். கணவர் முனாப் தனியாகத் தோணியில் மீன்பிடிக்கப் போகிறவர். ஆள் கடலில் விழுந்தால் கரைக்கு அறிவிக்கும் கருவி ஒன்று செய்ய அவளுக்கு ஆசை. [ஆசை என்பது பிழை. பயம் என்று வாசிக்கவும்.]

2

முதல் மாதிரியைக் கைக்கடிகாரம் போல மினுக்கிச் செய்தாள். உள்ளே ஒன்றுமில்லை. முனாப் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நல்ல வடிவு என்றார், அலுமாரிக்குள் பத்திரமாக வைத்துவிட்டார். மினுங்குகிற பொருளை யாரும் குறை சொல்வதில்லை, பாவிப்பதுமில்லை.

இரண்டாவதைத் தேய்ந்த செருப்பில் வெட்டி, றப்பர் வளையத்தால் அவர் மணிக்கட்டில் மாட்டினாள்.

“இதென்ன புள்ள, செருப்பையா கையில கட்டுற? வலை இழுக்கக்க கொழுவும். கழுத்தில போடு. அமத்துற இடத்தையும் பெரிசாக்கு, தண்ணிக்க விரல் விறைச்சிரும்.”

கடிகாரம் கேட்டுவாங்காததைச் செருப்புத் துண்டு கேட்டுவாங்கியது.

3

பிறகு பரிசோதனை. முனாப் கரையில் நின்று செருப்பை அமத்துவார். கவிழ்த்த தோணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நான், கருவியே கத்துவதுபோல, பொரிக்கிற இரும்புத் தாச்சியை அகப்பையால் தட்டவேண்டும். செருப்புக்குள் ஒன்றுமில்லை என்ற உண்மையை அடுத்தநாள் அவரிடம் சொல்வதாகத் திட்டம். முதலே சொன்னால் ஆள் நடிக்கத் தொடங்கிவிடும் என்றாள் றுக்கியா.

நான் தட்டிய தட்டில் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. [இதை நம்பாவிட்டாலும் மிச்சத்தை நம்பலாம்.]

4

அடுத்தநாள், அதாவது இன்று, நாங்கள் எழும்பமுன்னரே முனாப் கடலுக்குப் போய்விட்டார். செருப்பு கழுத்தில். அதை நம்பிக் கைப்பேசியை வீட்டில் விட்டிருக்கிறார். வழமையாக வெளிச்சவீட்டைத் தாண்டாதவர், இனிப் பயமில்லை, அங்கால போகிறேன் என்று பக்கத்துத் தோணிச் சிந்துஜனிடம் சொல்லியிருக்கிறார்.

[இவ்விடத்தில் ஒரு திமிங்கிலம் இருந்தது. எடுத்துவிட்டேன். இடம் மட்டும் பெரிதாகக் கிடக்கிறது.]

மதியம் திரும்பிவிட்டது. மற்றத் தோணிகள் எல்லாம் வந்துவிட்டன.

5

முடிவு ஒன்று: தாச்சியைத் தட்டுகிறேன். எல்லோரும் தோணிகளை இறக்க, எதிரே முனாப் மீனோடு வருகிறார். துறையே சிரிக்கிறது. நாளைக்கு உண்மைக் கருவி கத்தினாலும் ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

முடிவு இரண்டு: தட்டவில்லை. முனாப்

இந்த வசனத்தை முடிக்க எனக்கு ஏலாது.

றுக்கியா பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

“ஐயா, செருப்பு சத்தம் போடாது. அதுக்குள்ள ஒண்டுமில்ல. நாமதான் இருக்கம்.”

இந்தக் கதையும் செருப்பில் வெட்டியதுதான். நல்ல கதை என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். இந்தாருங்கள், தாச்சி. அகப்பை உள்ளே கிடக்கிறது.