அப்பாவுக்கு ஒன்பது பாட்டு

யக்ஞநாராயணன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், போகப்போக அவர்மேல் கோபம் வரும். மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட், மேற்குத் தாம்பரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், மனைவி வேதா, ஒரே பெண் சுப்ரஜா. அந்தப் பெண் வாயைத் திறந்து தன்னோடு நாலு வார்த்தை பேச மாட்டாளா என்பதுதான் நாலு வருஷமாக அவருடைய கவலை.

பேச்சு நின்றதற்குக் காரணம் தானேதான் என்று அவருக்குத் தெரிந்தது போன வாரம்.

பிளஸ் டூ முடித்த வருஷம் சுப்ரஜாவுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. நாலு மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், போவாள். வேதா வேண்டாத சாமியில்லை. அப்படி இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதைக் கேளுங்கப்பா" என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

ஜப்பானியப் பாட்டு. பெண் குரல், ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. "யாரும்மா பாடறது?"

"யாரும் இல்லப்பா. கம்ப்யூட்டர் குரல். ராகமும் வார்த்தையும் நாம எழுதிக் குடுத்தா அது பாடும்."

"ஏன், அந்த ஊர்ல பாட ஆளே இல்லையா?" என்றார். அவள் சிரித்தாள். நாலு மாதத்துக்கு அப்புறம் சிரித்தாள். வேதா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே சுப்ரஜா ஒரு வாட்ஸாப் அனுப்பினாள். ஏதோ ஒரு வலைத்தளத்தில் இந்த மாதிரிக் கம்ப்யூட்டர் குரல் பாட்டுகளை இளவட்டங்களுக்கென்று நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார்களாம். அதிலிருந்து பொறுக்கி, தன் பங்குக்கும் சேர்த்து, மேலே 'அப்பாவுக்கு' என்று எழுதி ஒன்பது லிங்க். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி.

இவர் என்ன செய்தார்? கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டார். அவ்வளவுதான். லீவு நாளில் நிதானமாகக் கேட்கலாம் என்று வைத்துவிட்டார். மறுநாள் ஆபீஸில் பத்ரிநாராயணனிடம் பெருமை அடித்துக்கொண்டார். வாய் சும்மா இருக்குமா?

"ஜப்பானீஸா? விட்டுடாதீங்க சார்" என்றார் பத்ரி. "ஒரகடம் பக்கம் பூரா ஜப்பான் கம்பெனி. பாஷை தெரிஞ்சா கொத்திக்கிட்டுப் போவான். உங்க பொண்ணு தானா ஆசைப்படறா, உடனே க்ளாஸ்ல போடுங்க."

யக்ஞநாராயணனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தே நாளில் கேம்ப் ரோடில் ஹில்டா மிஸ் நடத்தும் ஜப்பானிய வகுப்பில் பெயரைப் பதிந்துவிட்டார். போதாததற்கு அவளுடைய பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு வாங்கினார். வகுப்பு ரசீதையும் லேப்டாப்பையும் ஒன்றாகப் பெண்ணிடம் நீட்டி, "உனக்குப் பிடிச்சதைத்தான் பண்ணியிருக்கேன். இனிமே அந்தப் பாட்டெல்லாம் புரியும்" என்றார்.

சுப்ரஜா அந்த ரசீதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பழசு எங்கப்பா?" என்று கேட்டாள். கடையில் வாங்கிக்கொண்டுவிட்டான் என்றார். "சரிப்பா" என்றாள்.

அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் 'சரிப்பா'தான். சாப்பிடுகிறாயா, சரிப்பா. பி.காம். சேர்ந்துவிடு, சரிப்பா. கல்லூரி ஒரு பக்கம், ஜப்பானியப் பரீட்சை ஒரு பக்கம் என்று வரிசையாகத் தேறினாள். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அபார்ட்மெண்டில் அத்தனை பேரும் யக்ஞநாராயணன் சாரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் சொல்லிக்கொண்டிருந்தார், கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் ஸ்வீட் டப்பாவோடு ஹில்டா மிஸ்ஸைப் பார்த்து நன்றி சொல்லப் போனார்.

"தங்கமான பொண்ணு சார்" என்றாள் ஹில்டா. "ஒண்ணுதான் எனக்கு ஆச்சரியம். இங்க வர்ற பசங்க முக்கால்வாசி பாட்டுப் பைத்தியமாத்தான் வருவாங்க. இவளுக்குப் பாட்டே பிடிக்காதாமே?"

"யார் சொன்னா?"

"அவளேதான். முதல் நாளே சொன்னா சார்."

அவருக்குச் சுரீரென்றது. வெளியே வந்து, வண்டியைக்கூட எடுக்காமல், பேக்கரி வாசலில் நின்றபடி போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். நாலு வருஷத்துக் குட்மார்னிங் பூக்கள், கரண்ட் பில், தண்ணி லாரி நம்பர் எல்லாம் தாண்டி அந்த ஒன்பது லிங்க்கும் அடியில் கிடந்தன. கீழே அவருடைய கட்டை விரலும் இருந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில், ஆபீஸ் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் பாட்டு கொசு காதோரம் வந்துபோவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். 'வண்டி ஓட்டும்போது நினைச்சுக்கிற பாட்டு' என்று மூன்றாவதற்கு எழுதியிருந்தாள். நாலாவதற்குக் கீழே, 'மூச்சு வாங்கற இடத்தைக் கவனிங்கப்பா. அதுக்கு மூச்சே வேண்டாம். யாரோ உட்கார்ந்து வெச்சிருக்காங்க' என்று இருந்தது. அவர் கவனித்தார். நிஜமாகவே மூச்சு இருந்தது. குழந்தை அழுது ஓய்ந்து இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார்.

ஒன்பதாவதற்குக் கீழே இப்படி இருந்தது: 'இதை மட்டும் தனியா கேளுங்க. நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல வேண்டாம். கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.'

தட்டினார். இந்த வீடியோ இப்போது இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார். ஆபீஸ் வைஃபையில் தட்டினார், பத்ரியின் போனில் தட்டினார். எங்கே தட்டினாலும் அதே கறுப்புத் திரைதான்.

பெண்ணிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் கழித்து, 'இப்போதுதான் திறந்தேன், ஒன்பதாவது வரவில்லை' என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. கேட்டேன் என்று மட்டும் சொன்னால் போதுமென்று அவளே எழுதியிருக்கிறாள் அல்லவா? எட்டைக் கேட்டாயிற்று. ஒன்பதாவது மட்டும் வேறு என்னவாக இருந்துவிடப் போகிறது?

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. வழக்கம்போலக் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெருங்களத்தூரில் அவளை இறக்கிவிட்டார். ஊரிலிருந்து வந்து இறங்கும் கும்பல், ஆட்டோக்காரர்கள், மூட்டை முடிச்சுகள். சுப்ரஜா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ அனுப்பின பாட்டெல்லாம் கேட்டேம்மா" என்றார்.

"எந்தப் பாட்டு?"

"அப்பாவுக்குன்னு போட்டு அனுப்பினியே. நாலாவதுல அந்த மூச்சு இருக்கே, ரெண்டு மூணு தடவை கேட்டேன்."

அவள் கை கொக்கியிலேயே நின்றது. நாலு வருஷமாக அவர் பார்க்காத ஒரு முகம் மெல்ல வந்தது. "நிஜமா கேட்டீங்களா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் மனுஷன். "ஒன்பதும் கேட்டேன்" என்றார்.

"ஒன்பதாவதுமா?"

"ம். அதுவும்தான். தனியாத்தான் கேட்டேன்."

அந்த முகம் வந்த வழியே போய்விட்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"அது நான் பண்ணின பாட்டுப்பா" என்றாள். "அந்தக் குரலைத் தமிழ்ல பாட வெச்சிருந்தேன். நீங்க க்ளாஸ்ல சேர்த்துட்டு வந்த அன்னிக்கே நெட்லேர்ந்து எடுத்துட்டேன்."

திருதிருவென்று விழித்தார். "வேற எங்கயாவது... ஒரு காப்பி?"

"பழைய லேப்டாப்ல இருந்தது."

"எதைப் பத்தின பாட்டும்மா?"

"ஞாபகம் இல்லப்பா" என்றாள். இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சொல்ல மாட்டாள் என்பதும் தெரிந்தது.

பஸ் வந்தது. "திரும்பவும் ஒண்ணு பண்ணேன், நான் கேக்கறேன்" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"சரிப்பா" என்றாள் சுப்ரஜா. ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறிப்போனாள்.