பாதிப் பள்ளிக்கூடம்

தலைமையாசிரியருக்கு ஊரார் வைத்த பெயர் ‘பார்க்கலாம் சார்’. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டாலும் பார்க்கலாம், மணி அடித்துவிடலாமா என்று கேட்டாலும் பார்க்கலாம். அப்படிப்பட்டவர் தலையில்தான் மேலிடம் அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டது: தொற்று குறைந்து வருகிறது; மூடிக் கிடக்கும் பள்ளியை எப்போது திறப்பது என்பதை, பெற்றோரையும் ஒரு மருத்துவரையும் கலந்தாலோசித்து, அந்தந்தப் பள்ளியே முடிவு செய்யட்டும்.

அன்றிலிருந்து அவருடைய கைபேசிக்கு ஓய்வில்லை. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் “குழந்தைங்க பாதுகாப்புதான் சார் முக்கியம்” என்று எழுதிய இரட்டையரின் அம்மா, அடுத்த நிமிடமே தனியாக அழைத்து அழாத குறையாகக் கேட்டாள்: “எப்ப சார் திறப்பீங்க? ஒருத்தன் சோபா மேல நிக்கறான், இன்னொருத்தன் பீரோ மேல நிக்கறான். நான் எங்க சார் போய் நிக்கறது?” கூட்டத்தில் “நாங்க தயார்” என்று மார்தட்டிய ஆசிரியர்கள், தனியே வந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். வீட்டில் மனைவியோ, “பிள்ளைங்க போறாங்களோ இல்லையோ, நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்களேன். எந்த டப்பாவத் திறந்தாலும் பின்னாடி வந்து எட்டிப் பாக்கறீங்க” என்றாள்.

வேறு வழியில்லாமல் மைதானத்தில் கூட்டம் கூட்டினார். விளையாட்டு ஆசிரியர் விதிப்படி நாற்காலிகளை விலக்கி விலக்கிப் போட்டதில், கடைசி வரிசை வாசல் கேட் வரை போய்விட்டது. ஒலிபெருக்கியின் ஒயரை, பூட்டிக் கிடந்த நாட்களில், எலி கடித்திருந்தது. “கவலைய விடுங்க சார். என் தொண்டை இருக்கு” என்று, ஆலோசனை சொல்ல வந்திருந்த டாக்டரம்மா பேசுவதைப் பின்னால் இருப்பவர்களுக்குக் கத்திச் சொல்ல அவரே நடுவில் நின்றார். தொண்டை இருந்தது வாஸ்தவம்தான். அதற்கு முன்னால் இரண்டு முகக்கவசங்களும் இருந்தன.

தன்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று தலைமையாசிரியர் கடைசி வரிசையில், மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் ஒதுங்கினார். கடைக்காரரின் மகனும் அந்தப் பள்ளியில்தான் படித்தான். மனிதர் பயந்த சுபாவம். நாற்காலிக்குச் சானிடைசர் அடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வணக்கம் சொன்னதும் அந்த வணக்கத்துக்கும் ஒருமுறை அடித்தார்.

டாக்டரம்மாவுக்கு மெல்லிய குரல். “நல்ல காத்தோட்டம் இருந்தா திறக்கலாம்” என்றார்.

விளையாட்டு ஆசிரியர் அதை அப்படியே முழங்கினார். முகக்கவசம் தின்றது போக, பின்வரிசைகளுக்கு மிஞ்சியது இதுதான்: “நல்லா காத்திருந்தா திறக்கலாம்.”

“சம்மதம்னா கையத் தூக்குங்க!” என்று அவரே தொடர்ந்து முழங்கினார்.

ஒரு கைகூடக் கீழே இல்லை. அப்படியொரு ஒற்றுமையை அந்தப் பள்ளி அதுவரை கண்டதில்லை. “அப்ப திங்கக்கிழமையே...” என்று டாக்டரம்மா தொடங்கியது முன்வரிசைக்குக் கேட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். முடிவெடுக்க வேண்டாம் என்று முடிவான நிம்மதியில் தலைமையாசிரியர் வீட்டுக்கு மிதந்து போனார்.

திங்கட்கிழமை காலை அவர் பனியனோடு காபி குடித்துக்கொண்டிருந்தபோது விளையாட்டு ஆசிரியர் அழைத்தார்.

“சார், எங்க இருக்கீங்க? பிள்ளைங்க வந்தாச்சு.”

“எந்தப் பிள்ளைங்க?”

“நம்ம பிள்ளைங்கதான் சார். ஆனா பாதிதான் வந்திருக்கு.”

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். வகுப்புகளில் ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. பெஞ்சுக்கு ஒருவராகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வளர்ந்திருந்தார்கள், ஒருத்தியின் சீருடைக் கை முழங்கையோடு நின்றுவிட்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்துப் பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா வந்து பார்த்துப் பூரித்துப் போனார். “பிரமாதம் சார்! பாதிப் பேர மட்டும் வரச் சொன்னது யார் யோசனை?”

“யோசனையெல்லாம் இல்ல டாக்டர். காதுல விழுந்த கோளாறு. பின்னாடி எங்களுக்குக் ‘காத்திருந்தா’ன்னுதான் கேட்டுது” என்று அவர் உண்மையைச் சொல்ல, டாக்டரம்மா சிரித்த சிரிப்பில், முகக்கவசத்துக்கு மேலிருந்த அந்த அம்மாவின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். “காத்திருக்கணும்னு கையத் தூக்கிட்டு, திருட்டுத்தனமாத் திறந்துட்டீங்களே சார்! உடனே மூடுங்க!”

“மூடவா? எவ்ளோ நாளைக்கு அப்புறம் வந்திருக்குதுங்க!” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். பிறகு, யாரோ பேசுவது போலத் தன் குரல் தனக்கே கேட்டது.

“மூட மாட்டேன். இந்த வாரம் இவங்க வரட்டும், அடுத்த வாரம் மத்தவங்க வரட்டும். அனுப்பப் பயமா இருந்தா அனுப்ப வேணாம், பாடத்த வீட்டுக்கு அனுப்பறேன். யாருக்காவது காய்ச்சல்னா அந்தக் குழு மட்டும் வீட்ல இருக்கும்.”

சண்டைக்கென்றே வந்த மருந்துக்கடைக்காரருக்குச் சண்டை போட ஒன்றுமில்லாமல் போயிற்று. “கை கழுவ வைக்கறது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்கதான். நாளைலருந்து.”

மறுநாள் முதல் அவர் வாசலில் நின்றார். சோப்பு நுரை முழங்கை வரை வராமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அவர் மகன் அடுத்த வாரமே வந்துவிட்டான்.

மாதக் கடைசியில் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் கண்டு, தொற்றுதான் என்று உறுதியானது. ஊர் கதிகலங்கிற்று. தலைமையாசிரியர் கலங்கவில்லை, டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்தச் சிறுமியின் குழுவை வீட்டிலிருக்கச் சொன்னார். மற்றக் குழுவுக்கு வகுப்பு நடந்தது. மருந்துக்கடைக்காரர் தினமும் அவள் வீட்டு வாசலில் மருந்தை வைத்துவிட்டு, தெருவில் நின்றபடியே, “சாப்பிட்டியாம்மா?” என்று கத்தினார். மாடி ஜன்னலில் அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். நன்றாகத் தேறிய பிறகும் அவள் ஒருநாள் பலமாக இருமிக் காட்டினாள். அன்று கணக்குப் பரீட்சை என்பது மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது.