திரும்பி நின்ற ஒரு விளிம்பு

“நீங்கதான் கழத்தி மாட்டியிருக்கிய வாப்பா. போன தடவயும் இதே வேலதான் பாத்திய.”

“ஏளா, அது சின்னது. கை தவறி விழுந்துச்சு, செதறுனத அள்ளி மாட்டுனேன். இத நான் தொடவே இல்ல. நீதான் வச்சு உருட்டிக்கிட்டு கெடந்த!”

“உம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ஒத்துக்கோங்க.”

“வல்லாஹி, சத்தியமா தொடல ளா!”

துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கும்போது இது காதில் விழுந்தது. என் கணவர் தாஜ் முகம்மதும் கல்லூரியில் படிக்கும் மகள் அர்வாவும் நிறக் கட்டங்களைத் திருப்பிச் சேர்க்கும் என் கியூபுக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தேழு வயதில் மூன்றடுக்கு கியூபைச் சேர்க்கப் பழகினேன். அடுத்து நான்கடுக்கு. வீடியோ எதுவும் பார்க்காமல் நானே சேர்ப்பேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பதினோரு நாள் ஆனது. எல்லாம் சேர்ந்து, கடைசியில் ஒரே ஒரு விளிம்பு மட்டும் நிறம் மாறித் திரும்பி நின்றது. மூன்றடுக்கில் அப்படி நின்றால் யாரோ கழற்றித் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான் இருவரையும் ஏசியிருந்தேன்.

இப்போது எடுத்துத் திரும்பப் பார்த்தேன். மூன்றடுக்கில் ஒரு விளிம்பு ஒரே துண்டு. இதில் இரண்டு துண்டு, அதையும் நான்தான் ஜோடி சேர்த்தேன். அவை இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தாலே விளிம்பு திரும்பித்தானே தெரியும்?

“யாரும் கழத்தல. சின்னதோட கணக்க நாந்தான் இதுக்கும் போட்டுட்டேன்.”

“அப்ப ரெண்டு நாளா நான் வாங்குன ஏச்சு?” என்றார் அவர்.

“போன தடவைக்கு வச்சிக்கிடுங்க.”

அர்வா சிரித்துவிட்டாள். அந்த இரண்டு துண்டும் இடம் மாறட்டும் என்று நான் உள்ளடுக்கு ஒன்றை ஒரே ஒரு திருப்பு திருப்பினேன். வந்த வழியே திருப்பாமல், கலைந்த நடுக்கட்டங்களையும் விளிம்புகளையும் புதிதாகச் சேர்த்தேன். முதல் தடவை மறுபடியும் ஒரு விளிம்பு திரும்பியே நின்றது. அடுப்பில் சோறு குழைந்துபோனது. இரண்டாம் தடவை கடைசித் திருப்பில் எல்லாம் போய் உட்கார்ந்தது.

அவர் பிடுங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். “ஆறும் சரியா இருக்கு ளா! ஷமீம், நீயேதான் பண்ணுன!”

குழைந்த சோற்றை மூன்று பேரும் நிறையச் சாப்பிட்டோம்.

நேற்று ஐந்தடுக்கு வாங்கிவிட்டேன். அதில் ஒரு விளிம்புக்கு மூன்று துண்டு. நடுத்துண்டை முதலில் வைக்க வேண்டுமா, ஓரத்துண்டுகளையா? நீங்களே சேர்த்துப் பார்த்தவர்கள் உங்கள் வழியைக் கீழே எழுதுங்கள். வீடியோ இணைப்பு மட்டும் அனுப்பாதீர்கள்.