அரிவாள் சிவக்கக் கூடாது

என் அரிவாளை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கூடப்பிறந்த தம்பி கேட்டபோதே, "வேற என்ன வேணும்னாலும் கேளுலே" என்று திருப்பி அனுப்பியவன் நான். அப்படிப்பட்ட மாடக்கண்ணுவிடம் பெற்ற மகள் முத்துராணி வந்து, "யப்பா, ஒங்க அரிவாள மருந்துல முக்கணும், தாங்க" என்றால் எப்படி இருக்கும்?

அது தொண்ணூற்றாறாம் வருஷம், வைகாசி மாதம். பாபநாசத்துக்கு மேலே மலைச்சரிவில் எனக்கு நூற்றிருபது மிளகுக் கொடி இருந்தது. முந்தின ஆடி மழையில் வாடல் நோய் விழுந்து சரிபாதி போய்விட்டது. பச்சைப்பசேலென்று நின்ற கொடி பத்தே நாளில் கருகித் தொங்கும். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் அறுபதும் போனால் மலையை விட்டு இறங்கிக் கூலி வேலைக்குத்தான் போகவேண்டும்.

முத்துராணி கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்து முடித்திருந்தாள். கூடப் படித்த சங்கரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சங்கரி சேரன்மகாதேவி வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பாறையில் நாலு எட்டு வைப்பதற்குள் மூன்று தரம் வழுக்கும். ஆனாலும் வந்த அன்றைக்கே ஏணியில் ஏறி ஒவ்வொரு கொடியாகப் பார்த்துவிட்டது. மழைக்கு முன்னால் மயில்துத்தத்தையும், அதுதான் செம்பிலிருந்து வருகிற நீல உப்பு, சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து தெளித்தால் கொடி பிழைக்கும் என்றார்கள் இரண்டு பேரும்.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுட்டி" என்றேன்.

"நீங்க சுண்ணாம்பு மட்டும் வாங்கிப் போடுங்க. கறிய நாங்க வைக்கோம்" என்றாள் மகள். அந்த வாய் என்னிடமிருந்து போனதுதான்.

அம்பாசமுத்திரத்துக்குப் போய் நல்ல கட்டிச் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்கி வந்தேன். வாங்கியவன் ஒழுங்காக வைத்தேனா? ஈரம் படாமல் இறுகக் கட்டி வையுங்கள் என்று இரண்டு தரம் சொல்லியிருந்தாள். சவத்தை எங்கே வைத்தால் என்ன என்று மூட்டையை இறவாரத்தின் கீழே போட்டுவிட்டேன். சாரல் அடித்ததில் கட்டியெல்லாம் நீறிப் பொடியாகிவிட்டது.

மருந்து கலக்குகிற அன்றைக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். முத்துராணி சுண்ணாம்பை அள்ளிப் பார்த்தாள்.

"என்னப்பா, கட்டியக் காணோம்? பொடியால்லா இருக்கு?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துது."

முழுப் பொய். அவள் நம்பிவிட்டாள். சங்கரி நிறுத்துக் கொடுக்க, முத்துராணி நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் பைய ஊற்றிக் கலக்கினாள். அதற்குப் பிறகுதான் அரிவாளைக் கேட்டாள். நன்றாகத் தேய்த்த இரும்பை முக்கிப் பார்க்கவேண்டுமாம். அதில் செம்பு படிந்து சிவந்தால் கலவை சரியில்லை, இலையைப் பொசுக்கிவிடும் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன்.

முக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்தாள். அரிவாள் சிவந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் அரிவாள் சிவந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மேல்தோட்டத்துக் கிருபைராஜ்தான் முதலில் சிரித்தார்.

"காலேஜ் கணக்கு தப்பிட்டுல்லா. வே மாடக்கண்ணு, கொடியப் பொசுக்கவா புள்ளையப் படிக்க வச்சீரு? வாங்கவே, போவோம்."

முத்துராணி தராசைப் பார்த்தாள். பொடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் மானம் தப்பும். அவள் சொல்லவில்லை. "இன்னொரு தரம் நிறுத்துப் பாப்போம் சங்கரி" என்று குனிந்துகொண்டாள்.

ஐம்பது வயசு வரைக்கும் தப்பு என்மேல் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"நில்லும் வே" என்றேன். "அவ கணக்கு தப்பல. சுண்ணாம்ப நாந்தான் சாரல்ல போட்டுக் கெடுத்தேன். கேட்டதுக்குப் பொய்யும் சொன்னேன்."

முத்துராணி நிமிரவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பம் அதுல வீரியம் கொறஞ்சிருக்கும். இன்னுங் கொஞ்சம் போட்டாச் சரியாயிரும்" என்றாள், வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி. மணலைப் போட்டு அரிவாளைத் தேய்த்தாள். சுண்ணாம்பு கரைத்து ஊற்றி மறுபடி முக்கினாள். லேசான சிவப்பு. திரும்பத் தேய்த்து, திரும்ப ஊற்றி, மூன்றாம் தரம் முக்கி எடுத்தபோது அரிவாள் பளிச்சென்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் தெளிப்பானை மாறிமாறி முதுகில் தூக்கி அறுபது கொடிக்கும் அடித்து முடித்தார்கள். சங்கரி மூக்கெல்லாம் நீலம்.

ஆடி மழை விடாமல் அடித்தது. தினம் விடிந்ததும் கொடிகளை எண்ணினேன். இரண்டு போயிற்று. ஐம்பத்தெட்டு கொடி நின்றது. என் பிள்ளைகள் காப்பாற்றிய கொடி என்று ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்கள் வரைக்கும் சொல்லிவிட்டேன். மருந்தடிக்காத மேல்தோட்டத்தில் பாதிக்குமேல் கருகிவிட்டது.

ஆவணியில் கிருபைராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மிச்சம் கெடக்க கொடிக்காவது மருந்து கலக்கணும். ஒம்ம அரிவாளக் கொஞ்சம் தாரும்."

"எங்கிட்ட ஏது வே அரிவாள்?" என்றேன். "அது முத்துராணி அரிவாளு. அவகிட்டக் கேளும்."