கைதட்டல் விழுந்த அன்று

அக்கா மகளுக்காகத்தான் சித்தி அந்தச் சலவைக்கூடத்தைத் தொடங்கினாள். ஆட்டிசம் உள்ள பெண், இருபதைத் தாண்டியவள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. வாய்ப்பேச்சு குறைவு, முனகல் பாட்டு மட்டும் ஓயாது. அதனால் வீட்டில் அவளுக்குக் குயில் என்று பேர்.

கூடத்தின் பின்னறை குயிலுக்குப் பிடித்துப்போனது. இயந்திரத்தின் ஒரே சீரான உறுமல், சூடு ஆறாத விரிப்புகள், மடித்து அடுக்க ஒரு நீள மேசை. அவளைப் பார்த்து வேறு சில பெற்றோரும் தங்கள் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். சித்தி அவர்களுக்கேற்ப எல்லாவற்றையும் மாற்றினாள். அலறும் மணியைக் கழற்றிவிட்டுச் சின்ன விளக்கு வைத்தாள். சோர்ந்தவர்கள் ஒதுங்க ஒரு மூலைக்குத் திரை கட்டினாள்.

ஊரே பேச ஆரம்பித்தது. பாராட்டில் சித்திக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள்.

"யாராவது வர்றதா இருந்தா முந்தின நாளே அவகிட்ட சொல்லிடு," என்றாள் அக்கா. "முன்னால கொண்டுபோய் நிறுத்தாதடி. அவ என்ன கண்காட்சியா?"

"எனக்குத் தெரியாதாக்கா? என் மடியில வளந்த பொண்ணு."

ஒரு பெரிய ஓட்டலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் துணி மொத்தமும் இங்கேயே வெளுக்கக் கொடுப்பதாகப் பேச்சு. கூடவே படம் பிடிப்பவரும் வந்தார். குயிலிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டதாகச் சித்தி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். மறக்கவில்லை. சொன்னால் அன்றைக்கு வரமாட்டாளோ என்ற பயம்.

அவளைக் கைப்பிடித்து முன்கூடத்துக்கு அழைத்து வந்தாள். குயில் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"ஒரே நிமிஷம் கண்ணு."

பளீரென்று விளக்கைப் போட்டார்கள். குயில் ஒரு விரிப்பை மடித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மனசாரத்தான் தட்டினார்கள்.

குயில் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மடித்த விரிப்பை உதறித் தலையில் போர்த்துக்கொண்டு சுவரில் முட்டினாள், முட்டிக்கொண்டே இருந்தாள். சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ சொல்லி ஓடிவந்த அக்காதான் விளக்கை அணைக்கச் சொன்னாள். வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் குயில் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

சித்தி வீடு தேடிப் போனாள். அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"மன்னிச்சிடுக்கா."

"உம்மேல கோவமில்லடி. உன் வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போயிடறா. கொஞ்ச நாள் வராம இரு."

கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. ஓட்டல் துணி வந்தது, மற்றவர்களுக்கு வேலை பெருகியது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களைச் சித்தி இப்போது வாசலோடு திருப்பி அனுப்பினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோமே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் போன் செய்தார். குயில் அவரிடம் தொட்டிகளுக்கு மண் நிரப்புகிறாளாம்.

"எப்படி நடத்தணும்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க அவங்கம்மா."

சித்தி போனோடு திரை கட்டிய மூலைக்குப் போனாள்.

"எதுவா இருந்தாலும் முந்தின நாளே சொல்லிடுங்க," என்றாள். "பின்னாலேருந்து தொடாதீங்க. கையை இழுத்துக்கிட்டா விட்டுடுங்க. நல்லா செஞ்சா, நல்லாருக்குன்னு மெதுவா சொன்னா போதும்."

"ரொம்ப நல்லா செய்யுறாங்க. ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"இங்க வேலை தலைக்கு மேல கிடக்குதுங்க," என்றாள் சித்தி.

அன்று கூடத்தில் அப்படியொன்றும் வேலை இல்லை.